வராதவளுக்கு அட்டெண்டன்ஸ்

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கார்மெண்ட் கம்பெனியில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். எத்தனையோ பேப்பரில் மளமளவென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேவகியின் பேப்பரில் மட்டும் பேனா ஓடவில்லை.

தேவகி மூன்றாவது தையல் லைனில் டெய்லர். கணவர் இல்லை, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பணம் உண்டு. புற்றுநோய் என்றால் நீண்ட காலத்துக்கும் கிடைக்கும். டாக்டர் சர்டிபிகேட் இருந்தது, சந்தாவும் சரியாகக் கட்டியிருந்தோம். இந்த நாட்களில் இவர் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி உறுதி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவள் நான்.

கம்ப்யூட்டரைத் திறந்தால், கீமோ நாட்களில் பாதிக்கு மேல் தேவகி 'பிரசெண்ட்'.

பக்கத்து மெஷின் மேரியைத் தனியாகக் கூப்பிட்டேன். பம்மல்காரி, வாய் ஓயாது. அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"தேவகியோட அட்டெண்டன்ஸ் கார்டு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதாங்க்கா. ரொம்ப நாள் வரலைன்னா பேரை எடுத்துடுவாங்கன்னு அது பயந்துகினு இருந்துச்சு. நான்தான் கேட்ல தேச்சேன். அது தைக்க வேண்டிய பீஸையும் லைன்ல பிரிச்சு நாங்களே தச்சுட்டோம். இன்னாக்கா, தப்பா?"

தப்பா என்று கேட்கிறாள்! இவளை அறைவதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை.

வேலை பார்த்ததாகவும் காட்டி, வரவில்லை என்று பணமும் கேட்டால் அதற்குப் பெயர் மோசடி. அட்டெண்டன்ஸைத் திருத்தலாம். ஆனால் கார்டைத் தேய்த்தது யார் என்று சொல்லியாக வேண்டும். அடுத்தவர் கார்டைத் தேய்த்தால் எங்கள் கம்பெனியில் நேராக டிஸ்மிஸ். தேவகிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, மேரி பேரைச் சொல்லாதீங்க. எனக்கு அந்தப் பணமே வேணாம். நான் வேலைக்கு வந்துடறேன்."

"நிக்கவே முடியலைன்னு சொன்னியேம்மா?"

"உட்கார்ந்துதானேக்கா தைக்கணும்?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஒருத்தி வேலை போகும், சொல்லாவிட்டால் இன்னொருத்தி உடம்பு போகும்.

மறுநாள் நான் போவதற்குள் மேரியே மேனேஜர் ரூமில் நின்றாள்.

"ரூல் தெரியும்ல? உன்னை என்னம்மா பண்றது?" என்றார் மேனேஜர்.

"வேலைய வுட்டு தூக்கிடுங்க சார். தேவகி வரலைன்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "சார், தேவகி பேர்ல போன சம்பளத்தைப் பிடிச்சுக்கலாம். ஆனா இவங்க கம்பெனிக்கு ஒரு பீஸ்கூடக் குறைய விடல," என்றேன்.

லைனில் தைத்த பீஸ் கணக்கை வாங்கிப் பார்த்தார். கடைசியில் மேரியை சஸ்பென்ஷனோடு விட்டார். அட்டெண்டன்ஸைத் திருத்தி, நடந்ததை உள்ளபடி எழுதி இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகும் நிம்மதி இல்லை. இ.எஸ்.ஐ. ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள், எழுதினோம். மறுபடி கேட்டார்கள். போன் அடித்தாலே அவர்கள்தானோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

டைம் ஆபீஸில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். லைனுக்குப் போய் வாய்விட்டுச் சொல்லுங்கள்: உடம்பு முடியாதவருக்கு ஆப்சென்ட் விழட்டும், பயப்பட வேண்டாம். சர்டிபிகேட்டோடு இ.எஸ்.ஐ. பணம் வாங்கும் காலத்தில் அவரை வேலையை விட்டு எடுக்க முடியாது. அந்த ஆப்சென்ட்தான் அவருக்குச் சோறு போடும்.

பணம் பாஸான அன்று தேவகி போன் செய்தாள். முதலில் அழுகைதான். பிறகு கேட்டாள்:

"அக்கா, இனிமே நான் படுத்துக்கலாமா?"