பின்னலில் மாட்டிய வேட்டி

கட்டடக்கலை படிக்கும் என் பேத்தி, காலேஜ் வேலைக்காக உத்திரத்திலிருந்து எட்டுத் துணிகளைத் தொங்கவிட்டு, தோழிகளோடு ஆடியே அவற்றைப் பின்னினாள்.

"ஆட்டத்த அப்டியே கூரையாக்கப் போறேன் அப்பத்தா!"

கூரை வருமோ வராதோ, எனக்கு நான் பிறந்த அரியலூரும் அப்பாவின் வேட்டியும் நினைவுக்கு வந்துவிட்டன.

அது உலக யுத்தக் காலம். துணி கிடைப்பதே அரிது. பின்னல் கோலாட்டத்துக்குக் கயிறு இல்லாததால், சிறுமிகள் நாங்கள் ஆளுக்கொரு துணி கொண்டுவந்து புங்கமரக் கிளையில் கட்டினோம். நான் கொண்டுபோனது, கொடியில் சவுக்கார வாசனையோடு காய்ந்த அப்பாவின் ஒரே நல்ல வேட்டி. கேட்டா எடுத்தேன்?

சுற்றிச் சுற்றி ஆடிப் பின்னிவிட்டோம். பிரிப்பதற்கு வந்த வழியே திரும்பி ஆட வேண்டும். பாதியில் பின்னல் இறுகி நின்றுவிட்டது. அந்த நேரம் அப்பா இடுப்பில் துண்டோடு ஓடிவந்தார். சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க அவர் திருச்சி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"அறுத்துடலாமா மாமா?" என்றாள் என் கூட்டாளி செல்லம்மா.

"அறுத்துட்டு நான் எதக் கட்டிக்கிட்டுப் போறது? எவ தப்பாச் சுத்துனது?"

"செல்லம்மாதாம்ப்பா" என்றேன்.

அப்பா அவளைத் திருப்பிச் சுற்றவைத்தார். முடிச்சு இன்னும் இறுகியது. என் முகத்தையே பார்த்தார்.

"ஏ புள்ள, பொய்ய நாளைக்குப் பேசிக்கலாம். ரயிலு போயிடும்."

அழகுக்காக நானாகச் சேர்த்திருந்த ஒரு சுற்றை, எல்லார் முன்னாலும் தலைகீழாகச் சுற்றினேன். பின்னல் பொலபொலவென்று அவிழ்ந்தது. அப்பா கசங்கிய வேட்டியைக் கட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினார். என்னை அடிக்க அவருக்கு நேரமில்லை.

செல்லம்மாவுக்கு இருந்தது.