லென்சுக்குள் ஒரு நூல்

அத்தான் இடது கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பழைய லென்சைக் கடையின் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்த அந்தக் காட்சி என்னை விட்டுப் போக மறுக்கிறது. பத்து பகாட் டவுனில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் சின்னக் கடை அது. வெகுநேரம் பார்த்துவிட்டு லென்சைக் கீழே வைத்தார். "உள்ள நூல் மாதிரி ஓடுது. பூஞ்சைலா. வேணாம்" என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். துணி ஆலைக்கு ஆள் ஏற்றும் பேருந்தை ஓட்டினார். தினமும் நாற்பது பெண்கள் அவரை நம்பி ஏறி உட்கார்ந்து தூங்கிப்போவார்கள். அதில் அக்காவும் ஒருத்தி. நானோ மூவாரில் நாற்காலிகளுக்கு மெருகு பூசுகிறவன். வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து என்று படமெடுத்துக் கூடுதலாக ஏதாவது சம்பாதிக்கலாம் என்று ஆசை. கையில் இருந்ததோ இரண்டாயிரம் வெள்ளி. அதற்குள் ஒரு டிஎஸ்எல்ஆரும் இரண்டு லென்சும் வந்தாக வேண்டும். கேமராவைப் பழையதாக வாங்கி மிச்சம் பிடி, லென்சில் கஞ்சத்தனம் பண்ணாதே என்று இணையத்தில் எல்லோரும் சொன்னார்கள். கேமராவும் அதோடு வந்த சாதாரண லென்சும் சுலபமாக அமைந்துவிட்டன. மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு ஐம்பது எம்எம் லென்ஸ் மட்டும்தான் பாக்கி.

ஜொகூரின் ஈரக்காற்றில் அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பே பச்சை பூத்துப்போகும். லென்சுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் படர்வது இங்கே அதிசயமில்லை. அதனால் அத்தான் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. "நீயும் பாரு, தெரியுதா?" என்று லென்சை நீட்டினார். எனக்கு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அக்கா புருஷனை வெளியாள் முன்னால் மறுத்துப் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "ஆமா அத்தான், தெரியுது" என்றேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே லென்சைத் தானும் பார்த்துவிட்டு, "மானா அடா, பாங்?" என்றார். எங்கே இருக்கிறது என்கிறார். இருக்கிறது என்று அவரிடமும் சாதித்தேன்.

இரண்டாவது லென்சிலும் நூல். மூன்றாவதிலும் நூல். தவுக்கே சலித்துப்போய், பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை எங்கள் கண்முன்னே கிழித்துத் திறந்தார். அத்தான் அதைத் தூக்கிப் பார்த்தார். கை மெல்லக் கீழே இறங்கியது.

"இதுலயும் இருக்கு" என்றார். தவுக்கே சிரித்துவிட்டார். அத்தான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "நீ பாரு. நல்லாப் பாரு."

புது லென்சில் பூஞ்சை இருக்காது என்று எனக்குத் தெரியும். அத்தானுக்குப் பல வருடங்களாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருப்பதும் தெரியும். அது கண்ணைக் கெடுக்கும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் ஒரு கடைக்காரன் முன்னால் அவர் மானம் போகக் கூடாது என்பதுதான் அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது. "லேசா இருக்கு அத்தான்" என்றேன். அவர் மூச்சை வெளியே விட்டார். "அப்ப சரி" என்றார். இல்லாத நூலையும் கிழிந்த பெட்டியையும் காட்டி விலை குறைத்து அதையே வாங்கினோம். குறையுள்ள பொருளை வாங்கிய மனிதர் ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று வழி நெடுக யோசித்தேன். மழை பெய்தது. அவர்தான் ஓட்டினார். நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அத்தான் கண்ணைப் பற்றி அக்காவிடம் சொல்லிவிடப் பல தடவை போனை எடுத்தேன். அதைச் சொன்னால் நான் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடுத்த போனை ஒவ்வொரு தடவையும் கீழே வைத்தேன். அந்த லென்சில் எடுத்த முதல் கல்யாணப் படங்கள் கண்ணாடி போல வந்தன, ஒரு தூசி இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அவற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், பொந்தியான் சாலையில் அத்தான் பேருந்தை ஓரங்கட்டி நிறுத்தினார். "யாராவது ஆபிசுக்குப் போன் போடுங்க. எனக்கு ரோடு தெரியல" என்றாராம். இறங்கிப் பார்த்தால் சக்கரத்துக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி என்று அக்கா சொன்னாள். நாற்பது பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அத்தானுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பாதிதான் மிச்சம். விழிக்குள் கசிந்த ரத்தம்தான் முதலில் நூலாகத் தெரிந்திருக்கும், அப்போதே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் கேமராவை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம்டா. கோளாறு லென்சுலயா, என் கண்ணுலயான்னு தெரிஞ்சுக்கத்தான் உன்னையும் பாக்கச் சொன்னேன். நீயும் பாத்தேன்னு சொன்னதும் டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டேன்." என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நெசமாவே பாத்தியா?"

சமையலறையில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்தான்" என்றேன்.