தங்கச்சியும் கிளட்ச் கேபிளும்

இன்று மேம்பாலத்தில் ஏதோ ஆட்டோவின் கிளட்ச் பிளேட் கருகும் வாடை வந்தது. உடனே தங்கச்சி மேல் எரிச்சல் வந்தது. நாற்பது வருஷமாகியும் போகவில்லை.

சங்கரன்கோவிலில் அப்பா மூன்று சக்கர டெம்போ ஓட்டினார். கரிசல் பாதையில் வண்டி இழுக்காவிட்டால், மூத்தவளான என்னை விட்டுவிட்டு தங்கச்சியைத்தான் கூப்பிடுவார். "ஏட்டி, மோந்து பாத்துச் சொல்லு." அவள் சொன்னது தப்பாது.

ஒருநாள் கிளட்ச் கேபிளை ரகசியமாக முறுக்கி இறுக்கி வைத்தேன். மேலநீலிதநல்லூர் மேட்டில் இன்ஜின் உறுமியது, வண்டி ஏறவில்லை. பிளேட் போய்விட்டது என்றார் அப்பா.

அவள் கிளட்சைப் பிடித்துப் பார்த்தாள். "பிளேட்டு இல்லப்பா, கேபிளு டைட்டா இருக்கு." கிரீஸ் படிந்த என் விரல்களைப் பார்த்தாள். "தானா இறுகியிருக்கும்."

கேபிள் தானாகத் தளரும், இறுகாது. அது அவளுக்குத் தெரியும். காட்டிக் கொடுத்திருந்தாலாவது அவளை வெறுத்துத் தொலைத்திருப்பேன்.