க்ளைமாக்ஸில் நுழைந்த அன்ரி

கிரான்பர்ன் என்ற ஆஸ்திரேலியப் புறநகரில் எடுத்த அந்தக் காதல் காமெடிக்கு நான்தான் முதல் உதவி இயக்குநர். பெயர்தான் பெரிது, செய்வதெல்லாம் ஆள் விரட்டும் வேலை. கடைசி நாள் ஷூட்டிங்கில் வீட்டுக்காரியையே விரட்ட வேண்டி வந்தது.

வீடு எங்கள் ஹீரோ பிரசாத்தின் அம்மாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் ‘அன்ரி’. வீட்டை எங்களுக்குக் கொடுத்தவர், குசினியை, அதாவது சமையலறையை மட்டும் விட்டுத்தரவில்லை.

கதையில் ஹீரோவுக்கு யாரையும் நெருங்கவே பயம். எந்தப் பெண்ணைக் கூட்டி வந்தாலும், "ஊரில எவடம்?" என்று திரையில் முகம் காட்டாத அம்மா தொடங்கி அவள் பரம்பரையையே அலசிவிடுவார். க்ளைமாக்ஸில் அவன் நாயகியின் கையைப் பிடித்து, "எனக்குப் பயமா இருக்கு. ஆனா விட்டுட்டுப் போக மாட்டன்" என்று சொல்ல வேண்டும்.

பிரசாத்தால் முடியவில்லை. குசினியில் அவன் அம்மாவின் கரண்டி விழுந்தாலே கையை விட்டுவிடுவான். டேக் மேல் டேக் போனது. இயக்குநர் கவிதாவுக்கு இது முதல் படம். கேமராமேன் மறுநாள் சிட்னிக்குப் போகிறார். இன்று சீன் வராவிட்டால் படத்துக்கு முடிவே இல்லை.

"அன்ரியை எப்படியாவது வெளிய அனுப்புங்கண்ணா" என்றாள் கவிதா, கண் கலங்க.

பக்கத்து ஊரான கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு அனுப்பி வைத்தேன். இப்போது தெருவில் கார் சத்தம் கேட்டாலே பிரசாத் வாசலைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பயத்தைத்தானே படமாக எடுக்கிறோம்! அதைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு எதை எடுப்பது?

அன்ரி திரும்பியதும் போய் நின்றேன். "அன்ரி, ஹீரோவோட அம்மாவா டீ எடுத்துட்டு உள்ள வாங்க. அவ்வளவுதான்."

"எனக்கு நடிக்கத் தெரியாதப்பா."

"எப்பவும் போல வாங்க, போதும்."

கேமரா ஓடியது. அன்ரி தட்டோடு வந்தார். பிரசாத் வழக்கம்போல் கையை விட்டான். அன்ரி அப்படியே நின்று, ஸ்கிரிப்டில் இல்லாததைப் பேசினார்: "ஏனடா கையை விட்டனீ? பிடியடா. தேத்தண்ணி ஆறினா ஆறட்டும்."

பிடித்தான். அம்மா பார்க்கப் பார்க்க வசனத்தைச் சொல்லி முடித்தான். கவிதா கட் சொல்லவே மறந்துவிட்டாள்.

படம் வெளியான அன்று தியேட்டரில் அந்த இடத்துக்குப் பறந்த விசில் இருக்கிறதே! கவிதா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். எனக்கும் கர்வம் தலைக்கேறியது, மறைப்பானேன்?

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நம் ஆட்களை வைத்துக் காதல் படம் எடுத்தால், குடும்பத்தை செட்டை விட்டு விரட்டாதீர்கள். ஃபிரேமுக்குள் கூட்டி வாருங்கள். தனியாக இருக்கும்போது யார் வேண்டுமானாலும் கை பிடிப்பார்கள். அம்மா வந்த பிறகும் விடாமல் பிடித்திருப்பதுதான் க்ளைமாக்ஸ்.

படம் முடிந்ததும் தியேட்டர் வாசலில் எல்லோரும் அன்ரியைச் சூழ்ந்துகொண்டு, அருமையான நடிப்பு என்றார்கள்.

"நான் எங்க நடிச்சனான்?" என்றார் அன்ரி. "வளந்த பிள்ளை என்னைக் கண்டு பயப்பிடுறான். பாத்துக்கொண்டு நிக்க ஏலுமே?"