மல்லசமுத்திரத்தில் இரண்டு ரோமாபுரிக் காசுகள்

யுத்த காலத்தில் சூரமங்கலத்திலிருந்து மல்லசமுத்திரம் போய்வருவது லேசான காரியம் அல்ல. இருபது மைல்கூட இராது. ஆனால் கரிவாயு பஸ்ஸில் ஏறிவிட்டால் அது காசியாத்திரைதான். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். டிக்கெட் ஏழணா. ஆட்டையாம்பட்டி வருவதற்குள் டிரைவர் இரண்டு தடவை இறங்கிக் கரி அடுப்பைக் கிளறினார். பக்கத்தில் இருந்த நெசவுக்காரர் நூல் மூட்டையை என் மடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார். மற்ற நாளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு என் தலையில் ஏற்றியிருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

காரணம் ஒரு வெள்ளிக் காசு. நான் அப்போது ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. பழங்காசு என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அங்கே நிலக்கடலை மூட்டை அனுப்ப வரும் பழனியப்பன் என்ற விவசாயி, ராஜா தலை போட்ட காசு இரண்டு தம் வீட்டில் இருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒன்று, அவர் தகப்பனார் கிணறு வெட்டும்போது கிடைத்தது. மாட்டுப் பொங்கலுக்கு அதை ஒரு காளையின் நெற்றியில் கட்டினால், ஜோடிக் காளை என்ன பாவம் செய்தது? தகப்பனார் ஓர் ஆசாரியிடம் சொல்ல, அவர் தம்மிடமிருந்த வெள்ளியை உருக்கி அதை அச்செடுத்து அதேபோல் இன்னொன்று வார்த்துக் கொடுத்துவிட்டார். பெரியவர்கள் போனபின், எது கிணற்றுக் காசு, எது வார்ப்பு என்று சொல்ல ஆள் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு இறங்கினேன். பழனியப்பனின் பண்ணையாள் மாரப்பன் வண்டியோடு காத்திருந்தார். தோட்டம் இரண்டு மைல்.

வீட்டு வாசலில் ஓர் இளவயது ஆசாரி குமுட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பழனியப்பனுக்கும் ராமாயிக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளைக்கு அன்று அரைஞாண் செய்கிறார்கள். கடை வெள்ளி எவ்வளவு வாங்கினாலும், வீட்டு வெள்ளி ஒரு துண்டாவது சேராமல் தலைப்பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவதில்லை என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மழை பொய்த்த வருஷங்களில் மற்ற வெள்ளியெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது இந்த இரண்டு காசுதான். அதில் ஒன்று நெருப்புக்குப் போக வேண்டும்.

"எங்கப்பன் கையில எடுத்தது தப்பிச்சாப் போதுமுங்க. நீங்க கையக் காட்டுங்க சாமி, மத்தத உருக்கச் சொல்லிர்றேன்" என்றார் பழனியப்பன்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். அப்பப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம்! சம்மட்டியால் அடித்த காசில் எழுத்து கூர்மையாக நிற்கும், வார்த்த காசில் மழுங்கிக் கிடக்கும் என்று கூடியிருந்தவர்களுக்குப் பாடம் வேறு நடத்தினேன். ஒரு காசு கறுத்திருந்தது. மூக்கும் மாலையும் எழுத்தும் அவ்வளவு தெளிவு. மற்றது பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. ராஜாவின் கன்னத்தில் ஓர் உளிவெட்டு இரண்டிலும் உண்டு. நம் பக்கத்தில் கிடைக்கும் ரோமாபுரிக் காசுகள் சிலவற்றில் அதைக் காணலாம். இரண்டையும் காகிதத்தின் அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு தேய்ந்ததைத் தொட்டு, இதுதான் வார்ப்பு என்று சொல்லிவிட்டேன்.

அரிசியும் பருப்பும் சோற்றில் ராமாயி நெய்யைக் கொட்டினார். அதைப் போன்ற சோறு அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. இரண்டு மணிக்கு வண்டி ஏறினேன்.

வழியில் மாரப்பன் சும்மா பேசிக்கொண்டு வந்தார். "அந்தச் சாமி பொட்டிக் காசுங்களா? பழனியப்பன் அம்மா இருந்தமுட்டும் வெள்ளிக்கெழமையானா ஒண்ண மட்டும் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு வெளக்குவாங்க. மத்தது பொட்டிக்கு அடியில தொடாமக் கெடந்துதுங்க."

பென்சில் படங்களைப் பிரித்தேன். தெளிவான காசின் படம் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். உருகிய வெள்ளி ஆறும்போது விழுந்த காற்றுக் குழிகள் அவை. தேய்ந்த காசில் ஒரு புள்ளி இல்லை. அதன் ஓர வெடிப்பு, சம்மட்டி அடியில் முழுக்கப் பிளந்தது; மற்றதில் அதே இடத்தில், அச்சில் படிந்த வெறும் கோடு. அசல் முப்பது நாற்பது வருஷமாகப் புளியில் தேய்ந்திருக்கிறது. வார்ப்பு அதன் பழைய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு இருட்டில் கிடந்திருக்கிறது. முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது ஆசாரி காசை உருக்கி முடித்து வெள்ளிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பழனியப்பன் மிஞ்சிய காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ராமாயிதான் பேசினார். "அப்பிடீனா, கெணத்துல வந்ததுதானுங்களே எம்பையன் இடுப்புக்கு வருது? மிஞ்சுன இது அந்தக் காலத்து ஆசாரி ஊட்டு வெள்ளி. இதப் போட்டிருந்தா நம்மூட்டுது என்னங்க சேந்திருக்கும்?"

பழனியப்பன் மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார். முகம் தெளிந்தது. வேலையைப் பார்க்கும்படி ஆசாரிக்குச் சொல்லிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினேன். அதற்குப் பிறகு சேலத்திலும் வெளியூர்களிலும் எத்தனையோ காசுகள் பார்த்துவிட்டேன். ஆனால் நிஜமான ரோமாபுரி வெள்ளி என் கையில் இருந்தது அன்றைக்குக் கால் மணி நேரம்தான். அந்த வீட்டில் ஒன்றும் நஷ்டமில்லை. பிள்ளைக்கு அரைஞாண் ஆயிற்று. ஊருக்கெல்லாம் காசு பார்த்துச் சொல்லும் நான்தான் வெறுங்கையோடு வந்தேன்.