டிரில் மாஸ்டரின் கோணாத நடை

டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருஷம் ஆகியும் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை. பால் பாக்கெட் வாங்கப் போனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மனசுக்குள் 'லெஃப்ட், ரைட்' போட்டுக்கொண்டுதான் போவார். தெருவில் தன் வயதுக்காரர் எவராவது தடியூன்றி வந்தால் போதும், "என்ன சார், மூணு காலாயிடுச்சா?" என்று கேட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

இவரைத்தான் மகள், மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் வீட்டுக் கீழறைக்கு வரச்சொல்லி நச்சரித்தாள். மனைவி போன பிறகு ஒண்டியாகக் கிடக்கிறாரே என்று அவளுக்குக் கவலை. ஆரோக்கியமான முதியவர்களின் நடையை ஆராய மருத்துவக் கல்லூரியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

"அவங்களே சொல்லட்டும். என் நடை சரின்னா இனிமே நீ வாயத் திறக்கக் கூடாது. கோணல்னா மறுநாளே பெட்டியக் கட்டறேன்."

ஆராய்ச்சிப் பெண் அவர் கணுக்காலில் சின்னக் கருவிகளைக் கட்டிவிட்டு, நீளமான கூடத்தைக் காட்டினாள். "வீட்டுல நடக்கிற மாதிரி நடங்க சார்."

மாஸ்டர் அணிவகுப்பே நடத்திவிட்டார். திரும்புகிற இடத்தில் 'அபவுட் டர்ன்' வேறு. மகளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கணினித் திரையைப் பார்த்த ஆராய்ச்சிப் பெண் தயங்கினாள். "எல்லா அடியும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு சார்."

மாஸ்டர் மகளை இளக்காரமாகப் பார்த்தார்.

"அதுதான் சார் யோசனையா இருக்கு. நல்லா இருக்கிறவங்களுக்கும் ஒரு அடி கொஞ்சம் நீளும், ஒண்ணு குறையும். மனசு எங்கயோ இருக்கும், கால் தன் பாட்டுக்குப் போகும். நீங்க ஒவ்வொரு அடிக்கும் காவல் நிக்கிறீங்க. விழுந்துடுவோமோங்கிற பயத்துல சில பேர் இப்படி நடப்பாங்க."

"பயமா? எனக்கா?" போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. "டிரில் மாஸ்டர்மா நான்! பழக்கம்!"

"இருக்கலாம் சார்" என்று அவள் குனிந்து கருவிகளை அவிழ்த்தாள்.

வரும்போது ஓடிய லிஃப்ட் போகும்போது பழுதாகி நின்றிருந்தது. மாஸ்டரின் முழக்கமெல்லாம் படிக்கட்டின் உச்சியில் அடங்கிப்போயிற்று. ஒரு கை கைப்பிடியைப் பற்றியது. இன்னொரு கை மகளின் தோளைத் தேடிப் பிடித்தது. பிடித்த பிடியில் அவளுக்கு வலித்தது.

"பீரோ கதவு இடிச்சதுன்னு முழங்கையில கட்டுப் போட்டிருந்தீங்களே, அது மாடிப்படியில விழுந்ததுதானப்பா?"

மாஸ்டர் பிடியை விடாமல் நாலைந்து படி இறங்கினார்.

"அது பாத்ரூம்ல" என்றார். "மாடிப்படி அதுக்கு முன்னாடி."