மழையே பெய்யாத டிசம்பர்

இன்று பேத்தி கவிதாவின் பள்ளியில் அறிவியல் போட்டி. இணையத்தில் எங்கள் வட்டாரத்தின் பழைய மழைக் கணக்கை எடுத்துக் கோட்டு வரைபடம் போட்டு விளக்க வேண்டும்.

எண்பதுகளில் ஒரு டிசம்பருக்கு இணையத்தில் கணக்கே இல்லை. அதைப் பூஜ்யமாகப் போட்டுவிட்டு, "கடும் வறட்சி" என்றாள். நடுவர் ஆசிரியை பாராட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். "வறட்சி இல்ல டீச்சர், வெள்ளம்! ஈஜோக் பக்கம் எங்க ரப்பர் தோட்டத்துல தினமும் மழை அளந்தவன் நான். அந்த மாசம் தோட்டத்து ஆபீசே முங்கிப்போச்சு. அளக்குற குப்பியும் தண்ணியோட போயிருச்சு. யாரு கணக்கு அனுப்புறது?"

"ஐயா, அதுக்கு லிங்க் ஏதாச்சும் இருக்கா?"

"நான்தான் இருக்கேனே!"

மண்டபமே சிரித்தது.

"உக்காருங்க தாத்தா, மார்க் போயிரும் லா," என்றாள் கவிதா, அழாத குறையாக.

உட்கார்ந்தேன். அவளுக்கு முதல் பரிசு. அந்த வறட்சி இனி மாநிலப் போட்டிக்குப் போகிறது. நானும் கைதட்டினேன், வேறென்ன செய்ய?

அந்த டிசம்பரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு ஓடியவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். நான் மழையை அளந்தவன்தானே, என் பேச்சு செல்லாது.